எஃப்-150க்கு எக்ஸாஸ்ட்: சத்தம் வெளியே வேணும், உள்ளே வேணாம்

கேட்டி_பாலா

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப். 5.0 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின், 10 கியர் ஆட்டோமேட்டிக், நாலு கதவு கேபின். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில இருக்கேன். பேப்பர்ல 395 குதிரைசக்தி. ஸ்டார்ட் பண்ணினா பக்கத்து வீட்டு கேம்ரிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியலை. வி8 வாங்கிட்டு அது வாயை மூடிக்கிட்டு நிக்கறதைப் பார்த்தா மனசு கேக்க மாட்டேங்குது.

ரெண்டு வாரமா யூடியூப்ல ஸ்டார்ட்-அப் வீடியோவாப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. மூணு இன்ச் சிங்கிள் கேட்-பேக்கா (கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னாடி இருக்கிற குழாய் மொத்தமும்), ரெண்டு பக்கமும் வர்ற டூயலா, இல்ல சத்தத்தை அடக்கற மஃப்ளரை மட்டும் வெட்டி மாத்தறதா? மாசம் ஒரு தடவை ஐ-10 நெடுஞ்சாலையில சான் அன்டோனியோ போறேன், போக மூணு மணி நேரம். பின்சீட்ல ரெண்டு பசங்க. வருஷத்துல நாலஞ்சு தடவை கால்வெஸ்டனுக்குப் படகு இழுப்பேன். பட்ஜெட் 1,200 டாலர். வீட்டுல 600னு சொல்லியிருக்கேன்.

நாமக்கல்_லாரிக்காரன்

தம்பி, அந்தக் கடைசி வரியை முதல்ல அழிங்க, வீட்டுல யாராச்சும் படிச்சிடப் போறாங்க.

விஷயத்துக்கு வரேன். எனக்கு டல்லாஸ் பக்கம். டீசல் டிரக்கும் பிக்கப்பும் சேர்த்து 20 வருஷமா அடியில படுத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணு நல்லாக் கேட்டுக்கங்க. யூடியூப்ல காட்டறது ஸ்டார்ட் பண்ற மூணு செகண்டும், மிதிக்கிற அஞ்சு செகண்டும். நீங்க வண்டியில உட்காரப்போறது மூணு மணி நேரம், ஒரே வேகத்துல. அந்த மூணு மணி நேரத்தை எவனும் வீடியோ எடுத்துப் போடறதில்லை. எக்ஸாஸ்ட் வாங்கறதா இருந்தா 70 மைல் வேகத்துல கேபினுக்குள்ள எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும்.

அமெரிக்காவுல இதுக்கு ட்ரோன்னு பேரு. பறக்கறது இல்லை. பக்கத்து வீட்டுல தீபாவளிக்கு முந்தின ராத்திரி கிரைண்டர் ஓடும் பாருங்க, காதுல சத்தமாக் கேக்காது, ஆனா மண்டைக்குள்ள உர்ர்ருனு நிக்கும். அதேதான். அரை மணி நேரம் தாங்கலாம், அதுக்கு மேல தலைவலி.

பவருக்காகன்னா விட்டுருங்க. கேட்-பேக் மட்டும் மாத்தினா கிடைக்கிறது உங்க வலது காலுக்குத் தெரியாது. சத்தத்துக்காகன்னு ஒத்துக்கிட்டு வாங்கினா ஏமாற்றம் இல்லை.

பே_ஏரியா_மீனா

லாரிக்கார அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. என்கிட்ட 2019 டொயோட்டா டகோமா பிக்கப், 3.5 வி6. கேட்-பேக் போட்ட முதல் நாள் ராணி மாதிரி வந்தேன். ரெண்டாவது நாள் சாக்ரமென்டோ வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரும்போது ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு வந்தேன், காத்துச் சத்தமே பரவாயில்லைனு. வி6ல இன்னொரு தொல்லை, என்ஜின் சுத்து நிமிஷத்துக்கு 3,000க்கு மேல போனா தகர டப்பாவைக் குச்சியால அடிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. கடைசியில நடுவுல ஒரு ரெசொனேட்டர், அதாவது கரகரப்பை அடக்கற சின்ன உருளை, வச்சு வெல்டு பண்ணினதுக்கு அப்புறம்தான் அடங்கிச்சு. உங்க வி8க்கு அந்தக் கரகரப்பு வராது, அதுக்குக் கிடைக்கிறது உறுமிச் சத்தம். கொடுத்து வச்சவங்க.

கேட்டி_பாலா

உறுமி! அதேதான் அக்கா, அந்தச் சத்தம்தான் வேணும். இப்ப இருக்கிறது மிருதங்கத்தைப் போர்வைக்குள்ள வச்சு வாசிக்கிற மாதிரி இருக்கு.

அப்ப எந்த மஃப்ளர்? சேம்பர்னு ஒண்ணு, ஸ்ட்ரெய்ட்-த்ரூன்னு ஒண்ணு சொல்றாங்க. ரெண்டுக்கும் உள்ள என்னதான் இருக்கு?

நாமக்கல்_லாரிக்காரன்

வெட்டிப் பார்த்தா சுலபமாப் புரியும். நான் வெட்டியிருக்கேன்.

சேம்பர் வகையில உள்ள பஞ்சு எதுவும் கிடையாது. தகடு தகடா அறை பிரிச்சிருப்பாங்க. சத்தம் தகட்டுல மோதித் திரும்பி வந்து எதிர்ல வர்ற சத்தத்தோட மோதும், பாதி அங்கயே செத்துப்போகும். மிச்சம் வெளியே வர்றது தடியா, பழைய அமெரிக்கன் வண்டி மாதிரி இருக்கும். ஃப்ளோமாஸ்டர் பேரு வாங்கினது இந்த வகையில. பஞ்சு இல்லாததால வருஷம் போனாலும் குரல் மாறாது.

ஸ்ட்ரெய்ட்-த்ரூ வகையில நடுவுல ஓட்டை ஓட்டையாப் போட்ட குழாய் நேரா போகும். ஒரு பக்கம் டார்ச் அடிச்சா மறுபக்கம் தெரியும். சுத்தி கண்ணாடி இழைப் பஞ்சோ ஸ்டீல் கம்பளியோ அடைச்சிருக்கும். மேக்னாஃப்ளோ, போர்லா எல்லாம் பெரும்பாலும் இந்த ஜாதி. கூர்மையான சத்தத்தைப் பஞ்சு குடிச்சுடும், தடிச்ச சத்தம் தப்பிச்சு வரும். மஃப்ளர் உடம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு அடக்கம். 14 இன்ச் உடம்பும் 24 இன்ச் உடம்பும் ஒரே பேர்ல விக்கும், ரெண்டும் ஒண்ணு இல்லை. மலிவானதுல பஞ்சு நாலஞ்சு வருஷத்துல எரிஞ்சு பறந்துடும், அப்புறம் வெறும் தகரம்.

மூணாவதா கோர்சா ஒரு வழி பண்றான். நேர்க்குழாய்க்குப் பக்கத்துலயே அடைச்ச அறைகள் வச்சு, ட்ரோன் வர்ற அந்த ஒரு சுருதியை மட்டும் அதே சுருதியால அடிக்கிறான். நல்ல வேலை. விலையும் அதுக்கேத்த மாதிரி.

போர்லா ஒரே வண்டிக்கு டூரிங், எஸ்-டைப், அட்டாக்னு மூணு அளவுல கொடுப்பான். பின்சீட்ல பசங்க இருக்கிறவன் அட்டாக் பக்கம் திரும்பியே பார்க்கக் கூடாது.

ஸ்கார்பரோ_சிவா

வணக்கம் அண்ணை, தம்பி. நான் ரொறொன்ரோவில இருந்து. சத்தத்தைப் பற்றி எல்லாரும் கதைக்கிறியள், இரும்பைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. இஞ்ச பனிக்காலத்தில றோட்டு முழுக்க உப்புத்தான் கொட்டுவினம். நான் முதல் போட்டது அலுமினியம் பூசின இரும்பு. குழாய் நல்லாத்தான் இருந்தது, வெல்ட் பண்ணின இடத்தில பூச்செல்லாம் எரிஞ்சு போச்சு, அந்த இடத்தில தொடங்கினது கறள். மூன்றாவது விண்டரில ஒரு காலமை ஸ்டார்ட் பண்ணினா ட்ரக்ரர் சத்தம். குனிஞ்சு பார்த்தா மஃப்ளர் ஒரு பக்கம் தொங்குது.

ஸ்ரெயின்லெஸ் எண்டு எழுதியிருந்தாலும் நம்பாதேங்கோ. 409 எண்டா குரோமியம் 11 வீதம் அளவுதான், நிக்கல் இல்லை எண்டே சொல்லலாம். பழுப்பு நிறம் வரும், ஆனா உடனே ஓட்டை விழாது. 304 எண்டா குரோமியம் 18, நிக்கல் 8. கடைக்குப் போகேக்க பிரிட்ஜில ஒட்டுற காந்தம் ஒண்டைப் பொக்கற்றில கொண்டு போங்கோ. 409இல ஒட்டும், 304இல ஒட்டாது. வளைச்ச இடத்தில மட்டும் லேசா இழுக்கலாம், அதுக்குப் பயப்பிட வேண்டாம்.

கேட்டி_பாலா

சிவா அண்ணே, காந்தம் வச்சுப் பார்க்கற விஷயம் சூப்பர். இங்க பனி உப்பு இல்லை, ஆனா கால்வெஸ்டன்ல படகை இறக்கும்போது பின் அச்சு வரைக்கும் கடல் தண்ணிக்குள்ள போகும்.

ஸ்கார்பரோ_சிவா

அப்ப 304தான் தம்பி. பிறகு யோசிக்க ஒண்டும் இல்லை.

பொள்ளாச்சி_விகிராஸ்

நடுவுல வரேன், மன்னிக்கணும். என்கிட்ட இசுசு வி-கிராஸ், 1.9 டீசல், பிஎஸ்6. இங்க ஒருத்தர் டிபிஎஃப்பைக் கழட்டி நேர்ப்பைப் போட்டா நல்ல சவுண்டும் வரும், இழுவையும் கூடும்ங்கறார். 25,000 ரூபாய் கேக்கறார். பண்ணலாமுங்களா?

நாமக்கல்_லாரிக்காரன்

வேண்டாம் கண்ணு. டீசல் டர்போவுல கழட்டினா வர்றது உறுமி இல்லை, தண்ணி லாரிச் சத்தம். டர்போவே பாதிச் சத்தத்தை முழுங்கிடும். டிபிஎஃப்புங்கறது கரியைப் பிடிச்சு வச்சு, 600 டிகிரி பக்கம் சூடாக்கி எரிக்கிற சாமான். அதைக் கழட்டினா கம்ப்யூட்டர் உடனே விளக்கைப் போடும், அப்புறம் அதையும் ஏமாத்த சாஃப்ட்வேர். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) படிச்சுப் பாருங்க. சத்தம், புகை விதியை மீறினா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில், லைசன்ஸும் மூணு மாசம் போகும். அந்த 25,000க்கு நல்ல டயர் போடுங்க.

பொள்ளாச்சி_விகிராஸ்

சரிங்ணா. டயரும் தேஞ்சுதான் கிடக்குது.

பே_ஏரியா_மீனா

சட்டம்னு வந்தாச்சு, அதையும் சொல்லிடறேன். அமெரிக்கா முழுக்க ஒரே கதை, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்ல கை வைக்கக் கூடாது, அது கிளீன் ஏர் ஆக்ட். கேட்-பேக்னு பேரே அதுக்குப் பின்னாடி இருக்கிறதை மட்டும் மாத்தறதால வந்தது. கலிஃபோர்னியாவில இன்னும் கொஞ்சம் கெடுபிடி. சுமையோட சேர்த்து 6,000 பவுண்டுக்குக் கீழ எடை மதிப்பு உள்ள வண்டிக்கு 95 டெசிபல் வரம்பு. குழாய் வாயிலிருந்து 20 இன்ச் தள்ளி, 45 டிகிரி சாய்வுல மீட்டரை வச்சு அளப்பாங்க. என் டகோமா அந்த வரம்புக்குள்ள வருது. எஃப்-150 பெரும்பாலும் 6,000க்கு மேல, அதனால அந்த எண் பொருந்தாது. ஆனா அளவுக்கு மீறின சத்தம்ங்கற பொதுவிதி எல்லாருக்கும் உண்டு, போலீஸ்காரர் காதுதான் மீட்டர்.

டெக்சஸ்ல எப்படி?

நாமக்கல்_லாரிக்காரன்

இங்க டெசிபல் கணக்கு மாநிலச் சட்டத்துல கிடையாதும்மா. மஃப்ளர் இருக்கணும், வேலை செய்யணும், வழக்கத்துக்கு மீறின சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான். 2025லேருந்து சொந்த வண்டிக்கு வருஷாந்திர பாதுகாப்புச் சோதனையும் எடுத்துட்டாங்க. ஆனா ஹூஸ்டன், டல்லாஸ், ஆஸ்டின் பக்கத்துக் கவுண்டிகள்ல புகைச் சோதனை அப்படியே இருக்கு. கேட்டி அந்தக் கணக்குலதான் வரும்.

ஸ்கார்பரோ_சிவா

ஒன்ராறியோ சட்டத்தில "ஹொலிவூட் மஃப்ளர்" பாவிக்கக் கூடாது எண்டு எழுத்திலேயே கிடக்கு. ஆர் எழுதினதோ தெரியாது, வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சன்.

கேட்டி_பாலா

முடிவு பண்ணிட்டேன். டூயல் வேண்டாம். ரெண்டு பக்கமும் குழாய் வந்தா ஸ்டெப்னி இறக்கறதுக்கும் டிரெய்லர் கொக்கிக்கும் இடைஞ்சல். 304, மூணு இன்ச் சிங்கிள், ஸ்ட்ரெய்ட்-த்ரூ. கம்பெனி பேரு வேண்டாம், ஏன்னு அடுத்த பதிவுல தெரியும். 980 டாலர்.

கேட்டி_பாலா

மூணு வாரம் கழிச்சு வரேன்.

முதல்ல மாட்டின கதை. முந்தின நாள் ராத்திரியே போல்ட்டுக்கெல்லாம் துரு எண்ணெய் அடிச்சு ஊற விட்டேன். ஸ்டெப்னியை இறக்கினேன். பழைய குழாயை அச்சுக்கு மேல வழியா முழுசா உருவ முடியாது, ரம்பம் வச்சு ரெண்டாக்கித்தான் எடுத்தேன். தொங்கு ரப்பர்தான் உயிரை எடுத்துச்சு. சோப்புத் தண்ணி தடவினதும் வழுக்கிட்டு வந்துடுச்சு, அதை முதல்லயே பண்ணியிருந்தா ரெண்டு மணி நேரம் மிச்சம். கிளாம்ப் எல்லாத்தையும் லூசா விட்டு, பைப்பை வரிசை பார்த்து, முன்னாலேருந்து பின்னாடி இறுக்கிட்டு வந்தேன். 50 மைல் ஓட்டினதும் மறுபடி இறுக்கினேன், அரைச் சுத்து இடம் கொடுத்துச்சு.

சத்தம்? ஞாயித்துக்கிழமை பேர்லேண்ட் மீனாட்சி கோவில் பார்க்கிங்ல ஸ்டார்ட் பண்ணினேன். பக்கத்துல பட்டுப்புடவையில நின்ன பாட்டி திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே! பையன் மட்டும் "அப்பா, இன்னொரு வாட்டி"ன்னான்.

அப்புறம் ஐ-10. 70 மைல்ல பத்தாவது கியர்ல என்ஜின் நிமிஷத்துக்கு 1,650 சுத்து சுத்துது. சரியா அங்கதான் அந்த கிரைண்டர் ஓட ஆரம்பிச்சுது. போன் ஆப்ல கேபினுக்குள்ள முன்னாடி 67 டெசிபல் காட்டிட்டு இருந்தது, இப்ப 74. வழியில கொலம்பஸ் ஊரைத் தாண்டறதுக்குள்ள பொண்ணு காதைப் பொத்திக்கிட்டா. மனைவி ஒண்ணுமே சொல்லலை. அதுதான் பயமா இருக்கு.

கம்பெனிக்கு போன் பண்ணினா "ட்ரோன் என்பது அவரவர் காதைப் பொறுத்தது"ங்கறாங்க.

நாமக்கல்_லாரிக்காரன்

பயப்படாதீங்க, கழட்ட வேண்டியதில்லை. ஜே-பைப் போடுவோம்.

கணக்கு இதுதான். நாலு ஸ்ட்ரோக் வி8, ஒரு சுத்துக்கு நாலு தடவை வெடிக்கும். 1,650ஐ 60ஆல வகுத்து நாலால பெருக்குங்க, 110. அதாவது ஒரு செகண்டுக்கு 110 அதிர்வு. அதுதான் உங்க கேபின்ல நிக்கிற சுருதி. போன்ல எந்தச் சுருதி எவ்வளவு சத்தம்னு காட்டற ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டுப் பாருங்க, 110 கிட்ட ஒரு கம்பம் தனியா எழும்பி நிக்கும்.

மெயின் குழாய்ல பக்கவாட்டுல ஒரு குழாய் வெல்டு பண்ணி, அதோட மறுமுனையை மூடிடணும். சத்தம் அதுக்குள்ள போய், முட்டித் திரும்பி வரும்போது மெயின்ல வர்ற சத்தத்துக்கு நேர் எதிரா இருக்கணும். அதுக்கு அந்தக் குழாய் நீளம் அலைநீளத்துல கால் பங்கு. 110ஐ நாலால பெருக்கி, வர்ற 440ஆல ஒலி வேகத்தை வகுத்தா நீளம். வாயு ஓட்டத்தை இது தடுக்காது, மத்த வேகத்துல சத்தத்தையும் தொடாது. அந்த ஒரு சுருதியை மட்டும் பிடிச்சு விழுங்கும்.

கேட்டி_பாலா

ஸ்பெக்ட்ரம் பார்த்தேன். 110, 111ல கம்பம். அண்ணே, மந்திரம்!

பக்கத்துல ஒரு மஃப்ளர் கடையில 180 டாலருக்குப் போட்டுக் கொடுத்தாங்க. ஒலி வேகம் 346 மீட்டர்னு வச்சேன், 31 இன்ச் வந்தது. நாளைக்கு ஓட்டிப் பார்த்துட்டு எழுதறேன்.

நாமக்கல்_லாரிக்காரன்

ஐயோ தம்பி. 346ங்கறது வெளியில இருக்கிற காத்துக்கு.

கேட்டி_பாலா

ஆமாண்ணே. ஓட்டினதும் தெரிஞ்சுது. 1,650ல கிரைண்டர் அப்படியே ஓடுது. ஆனா மேட்டுல கீழ் கியருக்கு இறங்கி 1,950க்குப் போனா கேபின்ல ஊசி விழுந்தா கேக்கும். நான் அந்த வேகத்துல எப்பவாச்சும்தான் ஓட்டறேன்!

நாமக்கல்_லாரிக்காரன்

(சிரிச்சு முடிச்சுட்டு எழுதறேன்.)

குழாய்க்குள்ள இருக்கிறது சூடான வாயு. சூட்டுல ஒலி வேகமாப் போகும். பக்கக் குழாய்ல வாயு ஓடாம நிக்கிறதால மெயின் குழாய் அளவு சூடு இருக்காது, 140 டிகிரி செல்சியஸ்னு வச்சுக்கங்க. அந்தச் சூட்டுல செகண்டுக்கு 410 மீட்டர் கிட்ட. 410ஐ 440ஆல வகுத்தா 93 சென்டிமீட்டர், 37 இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி. உங்க 31 இன்ச்சுக்கு அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்க, 130 அதிர்வு, அதாவது 1,950 சுத்து. கடைக்காரர் வேலை சுத்தம்தான், நீங்க கொடுத்த அளவுதான் தப்பு.

நேரா வெல்டு பண்ணாதீங்க. ஒரு எட்டு இன்ச் துண்டை ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையற மாதிரி மாட்டி கிளாம்ப் போடுங்க. அரை அரை இன்ச்சா இழுத்து ஓட்டிப் பார்த்து, சரியா வந்த இடத்துல பொட்டு வச்சு வெல்டு பண்ணுங்க. மெயின் குழாய் மூணு இன்ச்னா பக்கக் குழாயும் அதே விட்டம் இருந்தா பிடி நல்லா இருக்கும்.

ஸ்கார்பரோ_சிவா

ஒரு சின்ன விசயம். மூடின முனை கீழ பார்த்தபடி இருந்தா தண்ணி தேங்கும். எக்ஸோஸ்ற்றில எப்பவும் ஈரம் வரும்தானே. மூடின பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கோ, இல்லாட்டில் அடியில ரெண்டு மில்லிமீற்றரில ஒரு துளை. இஞ்ச எண்டா அது ஐஸ் ஆகி வெடிச்சிருக்கும்.

பே_ஏரியா_மீனா

நானும் ஒண்ணு கேக்கறேன். பாலா, டிப், அதாவது குழாயோட கடைசி முனை, எங்க வருது? மஃப்ளர் மட்டும் மாத்தறவங்க சிலர் காசு மிச்சம் பண்ண, கேபினுக்குப் பின்னாடி, சாமான் ஏத்தற பெட்டுக்கு அடியிலேயே குழாயை வெட்டி விட்டுடறாங்க. பின் கண்ணாடியைத் திறந்தா புகை நேரா உள்ள வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பசங்க இருக்கிற வண்டி.

கேட்டி_பாலா

இல்லக்கா, பின் டயரைத் தாண்டி வலது ஓரத்துல வெளியே வருது. டிப்புக்கும் பம்பருக்கும் நடுவுல விரல் நுழையற இடம் விட்டிருக்கேன். இணைப்புலயெல்லாம் சோப்பு நுரை தடவி, டிப்பைத் துணியால லேசா அடைச்சுக் கசிவு பார்த்தேன். முன் கிளாம்ப்ல ஒரு குமிழி வந்தது, இறுக்கினதும் நின்னுடுச்சு.

கேட்டி_பாலா

கடைசி அப்டேட். 36 இன்ச்ல பாதி அடங்கிச்சு. 36 முக்கால்ல நின்னேன். 70 மைல்ல இப்ப 68 காட்டுது, வண்டியோட வந்த மஃப்ளரை விட ஒரே ஒரு டெசிபல் அதிகம். மிதிச்சா உறுமி அப்படியே இருக்கு. 1,400க்குக் கீழ, ஊருக்குள்ள மெதுவாப் போகும்போது லேசா ஒரு முனகல் இருக்கு, அதோட வாழ்ந்துக்கறேன்.

வாரண்டி பத்தித் தனிச்செய்தியில ஒருத்தர் கேட்டிருந்தார். 1975லேருந்து மேக்னசன்-மாஸ்னு ஒரு சட்டம் இருக்கு. வெளி உதிரிபாகம் போட்டதுக்காக மட்டும் மொத்த வாரண்டியையும் ரத்து பண்ண முடியாது, அந்தப் பாகத்தாலதான் கெட்டுச்சுன்னு அவங்கதான் காட்டணும். நான் பழைய மஃப்ளரைக் கராஜ்ல மேல கட்டி வச்சிருக்கேன்.

மொத்தச் செலவு 980, 180, அப்புறம் நீட்டின துண்டுக்கும் வெல்டுக்கும் 60. 1,220. வீட்டுல இன்னும் 600தான்.

கேட்டி_பாலாவின்_வீட்டம்மா

அப்படியா?

நாமக்கல்_லாரிக்காரன்

தம்பி, முதல் பதிவுலயே சொன்னேனே.